இருளாண்டி எழுந்து நிற்காத நாள்

தப்பைத் திருத்தினால் இருளாண்டி எழுந்து நின்றுவிடுவான். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பவன். சாயங்காலம் கீரமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு ஜெர்மன் வகுப்புக்கு வருவான். எழுந்து நிற்பது பள்ளிக்கூடத்திலிருந்தே வந்த பழக்கம். "சாரி மிஸ்" என்று நின்றுவிட்டு உட்காருவதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும்.

தப்பை உடனே பிடிக்காவிட்டால் அது நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் ஜெர்மன் டீச்சர் பிரகதீஸ்வரிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பாடம் நடத்த வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விட்டுப்பிடிக்க அவளுக்குப் பயம்.

அன்றைக்கு ஒரே பதிலுக்குள் அவன் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். பக்கத்து பெஞ்சு அபிராமி, "அண்ணே, நின்னுக்கிட்டே பேசிருங்க. முழங்காலாவது மிஞ்சும்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்துவைத்தான்.

எல்லோரும் போனபின் மேஜையருகே வந்தான். "நாளைலேருந்து வரலைங்க மிஸ்."

"சனிக்கிழமை பரிச்சைங்க. பாஸானாத்தானே ஜெர்மனியில வேலை?"

"வாயத் தொறந்தாலே தப்பா வருது. வார்டுல நான் இப்படி இல்லைங்க."

அந்தக் கடைசி வார்த்தை வீடுவரை அவளோடு வந்தது. அவனுக்குத்தான் வரவில்லையா, தான் திருத்துகிற விதம் சரியில்லையா? முடிவுக்கு வர முடியவில்லை. காலையில் போன் செய்தாள். "இன்னிக்கு ஒரு நாள் வாங்க. பிரஷர் பாக்குற மெஷினையும் கொண்டாங்க."

மாலை வகுப்பில் அவளே நோயாளியாக உட்கார்ந்து கையை நீட்டினாள். எதிரில் உட்கார்ந்த இருளாண்டி பட்டையைச் சுற்றினான். இரவு தூக்கம் வந்ததா, எங்கே வலிக்கிறது என்று ஜெர்மனில் விசாரித்தான். தப்பாகத்தான் கேட்டான். திருத்தம் அவள் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். காது மந்தமான நோயாளிபோல அதே கேள்வியைச் சரியாகத் திருப்பிச் சொல்லி, பிறகு பதில் சொன்னாள். அடுத்த கேள்வியை அவன் அதேபோலக் கேட்டான். கையில் பம்ப், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். எழுந்திருக்கும் நினைப்பே அவனுக்கு வரவில்லை.

"பிரஷர் கொஞ்சம் கூட இருக்குங்க மிஸ்."

"ஒங்க பரிச்சைய நெனச்சுத்தாங்க."

பட்டையைக் கழற்றியபடி கேட்டான். "இன்னிக்குத் தப்பே வரலையா?"

"நெறைய வந்துச்சு."

எழப்போனவன் பாதியிலேயே உட்கார்ந்தான். "அப்ப இப்பச் சொல்லுங்க. பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு."

ஒவ்வொன்றாகச் சொன்னாள். உட்கார்ந்தபடியே சொல்லிப் பார்த்தான். நாளைக்கு வருவானா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. படியிறங்கப் போனவன் திரும்பினான்.

"ஆலங்குடி ரோட்டுல வேலை நடக்குது மிஸ். நாளைக்கு பஸ் லேட்டாகும். நான் வரங்காட்டியும் ஆரம்பிச்சிராதீங்க."