அழுகையில் அமுங்கிய பதில்

பிறந்த குழந்தைகள் வார்டில் இருந்த அத்தனை குழந்தைகளையும் ஒரே நேரத்தில் அழவைத்த பெருமை கிள்ளு சாரையே சேரும். அதுவும் மதிய நேரம். குழந்தைகள் பால் குடித்து, ஏப்பம் விட்டு, தூங்கிப் போயிருந்தன. தாய்மார்களும் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தார்கள். அந்த வார்டுக்கு ஒரு நாளில் கிடைக்கிற நிம்மதியே அந்தக் கொஞ்ச நேரம்தான்.

பழைய டேப் மெஷினிலிருந்து வந்த வயரை ஆராய்ச்சி அறைக் கம்ப்யூட்டரில் சொருகுவதாக நினைத்துக்கொண்டு, சுவரில் இருந்த ஒரு துளையில் சொருகிவிட்டார். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று வார்டு ஸ்பீக்கரில் அறிவிப்பதற்காக வைத்த துளை அது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினார். அப்போதும் கேட்கவில்லை. இந்தக் காலத்துப் பொருள்களைத் திட்டிக்கொண்டே, முழுக்கத் திருகிவிட்டு, கண்ணை மூடிக் காத்திருந்தார்.

யாரோ ஹெட்போனைப் பிடுங்கினார்கள். கண்ணைத் திறந்தால் தலைமை நர்ஸ் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வார்டே அலறிக்கொண்டிருந்தது.

"சார், முதல்ல அதை நிறுத்துங்க."

நிறுத்தினார். டேப் நின்றது. வார்டு நிற்கவில்லை. ஒரு குழந்தை அழுதால் பக்கத்துக் குழந்தையும் சேர்ந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமா? அழுகையை ஆராய்ச்சி செய்தே சம்பளம் வாங்கியவர்.

"மன்னிச்சுக்கம்மா. பழைய அழுகை ஒண்ணு தப்பிச்சுப் போயிடுச்சு."

"அழுகை மட்டும் போகல சார். அதுக்கு முன்னாடி ஒரு பேச்சும் போச்சு." அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "'சிஸ்டர், வர்ற ஞாயித்துக்கிழமை எங்க அக்காவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரட்டுமா, கல்யாண விஷயமா பேசணும்'னு ஒருத்தர் கேக்கறார். குரல் கொஞ்சம் இளசு. ஆனா உங்க குரல்தான்."

கிள்ளு சாருக்குக் காது சூடாயிற்று. தலை நரைத்த பிறகு வெட்கப்பட்டால் பார்க்க நன்றாக இருக்காது என்று வயரைச் சுருட்டுகிற பாவனையில் குனிந்துகொண்டார்.

கதவோரம் ஒரு தாய், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். பிரசவமாகி இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. அந்த அலுப்பிலும் அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது.

"அப்புறம் அந்த சிஸ்டர் என்னங்க சொன்னாங்க? குழந்தை அழுததுல எதுவுமே கேக்கல."

"எனக்கும் கேக்கலம்மா," என்றார் கிள்ளு சார்.

அதுதான் உண்மை. அன்றைக்கும் கேட்கவில்லை. ஓய்வு பெற்று, வீட்டில் அக்காவின் நாட்டாமையில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த மனிதர், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வந்ததும் பாதி நறுக்கிய காய்கறியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்ததற்கும் அந்தப் பதில்தான் காரணம். பழைய டேப்புகளை ஓட்டத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்று ஆராய்ச்சி டாக்டர் சொன்னாள். "விஞ்ஞானத்துக்காக வர்றேன் டாக்டரம்மா" என்று இவர் சொன்னார். அந்த வாக்கியத்தில் விஞ்ஞானத்தின் பங்கு மிகவும் குறைவு.

அந்தக் காலத்தில் இந்த வார்டை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. இப்போது அதில் துடைப்பங்களும் வாளிகளும் இருக்கின்றன. பேராசிரியர் ஒருவர் அங்கேதான் அழுகை ஆய்வை நடத்தினார். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தை ஒரு மாதிரி அழும், மஞ்சள் காமாலை ஏறிய குழந்தை வேறு மாதிரி அழும், மூளையில் அடிபட்ட குழந்தையின் அழுகை கம்பி மாதிரி மெலிந்து உச்சிக்குப் போகும். ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல், அழுகையை வைத்தே நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் ஆய்வு. குழந்தைக்குத் தெரிந்த ஒரே மொழியில் அதனிடமே கேட்டுவிடலாம் என்பார் பேராசிரியர்.

கேட்கிற வேலை கிள்ளு சாருக்கு. அப்போது அவர் சார் இல்லை, மெலிந்த டெக்னீஷியன். மைக்கைக் குழந்தையின் வாய்க்கு ஒரு சாண் தள்ளித் தொங்கவிட வேண்டும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். நர்ஸ் ஸ்டாப்வாட்சைப் பார்த்து விரலைத் தூக்கியதும், குழந்தையின் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். குழந்தை அழ வேண்டும். இவ்வளவுதான். ஆனால் ஊரெல்லாம் அவர் குழந்தைகளைக் கிள்ளுகிறார் என்று பேச்சாகிவிட்டது. கிள்ளவில்லை, சுண்டினேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பெயர் நின்றுவிட்டது.

சில குழந்தைகள் ஒத்துழைக்காது. சுண்டினால் கொட்டாவி விடும். ஒன்று, ஏதோ நகைச்சுவை கேட்ட மாதிரி வாயைக் கோணிச் சிரித்தது. அழுத குழந்தைகளிடம் அவர் ஒவ்வொரு முறையும் மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்பார். அதுவும் டேப்பில் பதிவாகும். பேராசிரியர் அதைக் கேட்டுவிட்டு, "யோவ், ஆய்வு முடிவுல உன்னோட வருத்தத்தையும் ஒரு பத்தியா சேர்த்துடலாமா?" என்று கேட்டார்.

ஸ்டாப்வாட்சைப் பிடித்திருந்த நர்ஸை எல்லோரும் ஸ்டாப்வாட்ச் சிஸ்டர் என்பார்கள். பதிவு முடிந்ததும் அவள்தான் குழந்தையைத் தூக்குவாள். அவள் தோளில் சாய்ந்த குழந்தை, கிள்ளு சாரைக் காட்டிக்கொடுப்பது போல ஒரு விசும்பல் விசும்பிவிட்டு அடங்கிப்போகும். ஃபேன் இல்லாத அறையில் இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டும். "அடுத்த ஜென்மத்துல நீங்க குழந்தையா பொறந்து வாங்க, நான் சுண்டறேன்" என்பாள். அந்தப் புழுக்கத்தில்தான் அவர் வாழ்க்கையின் மிக நல்ல நாள்கள் கழிந்தன. அப்போது அது தெரியவில்லை. அப்போது தெரிந்ததெல்லாம் சட்டை ஈரம் மட்டும்தான்.

ஒருநாள் டேப் ஓடத் தொடங்கிய பிறகு, விரல் உயர்வதற்கு முன்னால் இருக்கிற மௌனத்தில், அவர் கேட்டுவிட்டார். பல நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம். அவர் கேட்டு முடித்ததும் சரியாக அவள் விரல் மேலே போயிற்று. மனசு பதிலுக்குக் காத்திருந்தது. பழகிப்போன கை காத்திருக்கவில்லை, சுண்டிவிட்டது. குழந்தை கூரை கிழிய அழுதது. அவள் உதடு அசைந்ததைப் பார்த்தார். ஹெட்போனில் அழுகையைத் தவிர வேறொன்றும் இல்லை. கழற்றுவதற்குள் பேராசிரியர் உள்ளே வந்துவிட்டார்.

மறுபடி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்கும் காரணம் அந்த வேலைதான். ஆய்வில் குழந்தையைச் சேர்க்கப் பெற்றோரிடம் ஒரே ஒரு தடவைதான் சம்மதம் கேட்க வேண்டும், அவர்கள் பதில் சொன்ன பிறகு இரண்டாவது தடவை கேட்பது வற்புறுத்தல் என்பது பேராசிரியரின் சட்டம். அந்தச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஊழியர் என்று பெயரெடுத்தவர், தன் கல்யாணத்திலும் கடைப்பிடித்தார். அவள் பதில் சொல்லியாயிற்று, தனக்குக் கேட்கவில்லை என்பது தன் குறை என்று இருந்துவிட்டார். அவளும் அதற்கப்புறம் எப்போதும் போலவே பேசினாள், சிரித்தாள். சில மாதத்தில் மேல்படிப்புக்கு வேறு ஊர் போனாள். பேராசிரியர் டேப்புகளை அலமாரியில் பூட்டி, சாவியோடு ஓய்வு பெற்றார்.

இப்போது அலமாரி திறந்தாயிற்று. அந்தக் குழந்தைகள் எல்லாம் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள், யார் எப்படி வளர்ந்தார்கள் என்ற விவரமும் இருக்கிறது, ஆகவே பழைய அழுகைகளைக் கொடுத்துக் கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்தலாம் என்பது ஆராய்ச்சி டாக்டரின் திட்டம். அழுகையைத் தனியாகவும் மற்ற சத்தங்களைத் தனியாகவும் பிரிக்கிற வித்தை அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். எல்லோருக்கும் அழுகை வேண்டும். கிள்ளு சாருக்கு மட்டும் மிச்சம் வேண்டும்.

வார்டு ஒருவழியாக அடங்கியதும் டாக்டரிடம் கேட்டே விட்டார்.

"முடியாது சார்," என்றாள் டாக்டர். மகள் வயசுதான் இருக்கும், ஆனால் சட்டம் பேசும்போது பேராசிரியரே எதிரில் நிற்பது போலிருக்கும். "குழந்தையோட அழுகைக்குத்தான் பெத்தவங்க சம்மதம் கொடுத்தாங்க. பெரியவங்க குரலுக்கு யாரும் கொடுக்கல. பிரிச்சதும் அந்தப் பகுதியை யாரும் கேக்காம அழிச்சிடணும்னு நெறிமுறைக் குழு சொல்லியிருக்கு."

"என் குரலுக்கு நான் சம்மதிக்கிறேன்."

"நீங்க என்ன கேட்டீங்கன்னு வார்டுக்கே தெரியும். உங்களுக்கு வேண்டியது அவங்க குரல். அதுக்கு அவங்க சம்மதிக்கணும்." ஒரு சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினாள். "வர்ற வாரம் அழிச்சிடுவோம். அதுக்குள்ள வாங்கிட்டு வந்தா நானே பிரிச்சுத் தர்றேன்."

விலாசம் கிடைப்பது கஷ்டமாக இல்லை. "அவங்கதானே எங்களுக்குக் குழந்தையைக் குளிப்பாட்டக் கத்துக்கொடுத்தாங்க," என்றாள் தலைமை நர்ஸ். "இப்பவும் ஒரு கிளினிக்ல கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுக்கறாங்க. பஸ்ல ஒரு மணி நேரம். இத்தனை வருஷமா உங்களுக்குத் தெரியாதா?"

தெரிந்துகொள்ள முயன்றதில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

வீட்டில் அக்கா இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை நான் புதுப் புடவை கட்டி வாசல்ல உக்காந்திருந்தேன். நீ ஒண்ணும் சொல்லாம உள்ள போய்ப் படுத்துக்கிட்டே."

"பதில் தெரியலக்கா."

"தெரியலைன்னா கேக்கறதுக்கு வாய் இல்ல? ஊர்க் குழந்தையெல்லாம் உன்னால வாயைத் திறந்துச்சு. நீ திறக்கல." சட்டைப் பொத்தானை அவளே போட்டுவிட்டாள். "என்ன சொன்னாலும் நேரா வீட்டுக்கு வா. எங்கேயாவது பார்க்குல உக்காந்து அழுதுக்கிட்டிருக்காதே."

கிளினிக்கின் மாடி அறையில் வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. நீளமான மேசை மேல் பிளாஸ்டிக் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் பொம்மை, பாதி நீரில் மல்லாந்து கிடந்தது. ஸ்டாப்வாட்ச் சிஸ்டர் ஒவ்வொன்றாகத் தூக்கி, கழுத்துக்குக் கை கொடுத்து, நிஜக் குழந்தையைத் துவட்டுவது போலவே துவட்டிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. கண்ணாடி புதிது. கை மட்டும் அதே கை.

"கிள்ளு சார்," என்றாள், நேற்றுப் பார்த்தவள் மாதிரி. "வாங்க. அந்தத் துண்டை எடுங்க. சும்மா நிக்கறவங்களுக்கு இங்க இடம் இல்ல."

அவர் துண்டை எடுத்து ஒரு பொம்மையைத் துவட்டினார். தலையில் ஆரம்பிக்க வேண்டும் என்று திட்டு வாங்கினார். நாலாவது பொம்மையைத் துவட்டி முடிப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார்: டேப், ஸ்பீக்கர், அலறிய வார்டு, தாயின் கேள்வி, டாக்டரின் சட்டம். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொன்றைக் காட்டினாள்.

"படிவத்தைப் படிச்சுக் காட்டுங்க. முறையா. கையெழுத்து போடற இடத்தை மட்டும் காட்டற வேலையெல்லாம் வேண்டாம்."

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "இந்த ஆய்வின் நோக்கம்..." அதற்கு மேல் காலியாக இருந்தது.

"ஏன், நோக்கம் இல்லையா?"

"இருக்கு சிஸ்டர். எழுத வரல."

"சரி, மேல படிங்க."

"பங்கேற்பவருக்கு நேரடியான பலன் எதுவும் இல்லை."

"அது நேர்மை."

"சிறிது அசௌகரியம் ஏற்படலாம்."

"யாருக்கு?"

"எனக்குன்னுதான் நினைக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. படிவத்தை வாங்கி, இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தாள். கீழே தெருவில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்று, கிளம்பிப் போயிற்று. கிள்ளு சார் கையில் இருந்த ஈரத் துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தார், பிரித்தார்.

"நான் சம்மதிக்கல," என்றாள். "டேப்பை அழிச்சிடச் சொல்லுங்க."

"சரிங்க சிஸ்டர்." அவர் எழுந்தார். ஒரு தடவைதான் கேட்க வேண்டும். கேட்டாயிற்று. இந்த முறை காதிலும் விழுந்தது. துண்டை மேசை மேல் வைத்துவிட்டுக் கதவு வரைக்கும் போனார். அக்கா வாசலில் காத்திருப்பாள். அவளிடம் போய் மறுபடியும் தெரியவில்லை என்று சொல்லவேண்டும். அதை நினைத்ததும் கால் நின்றுவிட்டது. பேராசிரியர் எங்கிருந்தாலும் தன்னை மன்னிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு திரும்பினார்.

"சிஸ்டர், ரெண்டாவது தடவை கேக்கறது தப்புன்னு தெரியும். இருந்தாலும் கேக்கறேன். அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு நிஜமாவே கேக்கலையா?"

"ஹெட்போன்ல குழந்தை அழுதுக்கிட்டிருந்தது."

"அட கடவுளே." அவள் குரல் இறங்கிவிட்டது. "உங்களுக்குக் கேட்டுடுச்சு, அதனாலதான் அப்புறம் தொந்தரவு பண்ணலன்னுல்ல நான் நினைச்சேன். எவ்வளவு கௌரவமான மனுஷன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"கௌரவமெல்லாம் இல்ல சிஸ்டர். காது கேக்கல, அவ்வளவுதான்."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் நாற்காலியை இழுத்து அவருக்கு நேரெதிரே போட்டுக்கொண்டாள்.

"உயிரோட நான் இருக்கறப்போ என் குரலை எதுக்கு மெஷின்ல தேடறீங்க? நல்லா கேட்டுக்குங்க. வேண்டாம்னுதான் சொன்னேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருந்தது, கல்யாணம்தான் பிடிக்கல. அப்புறமும் யாரையும் பண்ணிக்கல. இன்னைக்குக் கேட்டாலும் அதேதான், ரெண்டும்."