லாரி குடித்த ஏழு குடம்

வடிவம்மாள் தன் உப்பளத்து மாடு ஒன்பது ஜோடியையும் ஆவணி மாதமே விற்றுவிட்டாள். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் குளம்பெல்லாம் வெடித்துப்போன மாடுகள். கரிசல் மண்ணில் நடந்தால் தேறிவிடும் என்று ஓட்டப்பிடாரத்து உழவுச் சம்சாரி ஒருவர் பிடித்துக்கொண்டு போனார். வண்டிகள் மட்டும், உப்பைக் குவித்து வைக்கும் தட்டுமேட்டின் அடியில், நுகத்தடி வானத்தைப் பார்க்கக் கிடந்தன. மேட்டின் மேலே அந்த வருஷத்து உப்பு முழுவதும் அம்பாரமாகக் குவிந்திருந்தது.

ஐப்பசி மழைக்குள் அதை நாலு மைல் தள்ளித் தோணித்துறைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். சேர்த்தால் தோணி ஏறி, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கல்கத்தா கப்பலுக்குப் போகும். சேர்க்காவிட்டால், எந்தக் கடலிலிருந்து வந்ததோ அந்தக் கடலுக்கே போய்ச் சேரும். பனையோலை போட்டு மூடுவதெல்லாம் தூறலுக்குத்தான். போன வருஷத்து அடைமழையில் பாதி அம்பாரம் ஓலைக்கு அடியிலேயே கரைந்து ஓடியதை அவள் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவள். இன்னொரு தரம் பார்க்க அவளுக்கு உத்தேசம் இல்லை.

மாடு விற்ற பணத்துக்கு ஒரு லாரி வரும். ஒன்றே ஒன்று. தப்பானதை வாங்கிவிட்டால் மறுபடி மாடு தேடக்கூட நாள் கிடையாது. யுத்தம் முடிந்து மூன்று வருஷம், உப்பு வரி ஒழிந்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. தூத்துக்குடியில் அப்போது விலைக்கு நின்றவை இரண்டு லாரிகள். ஒன்று பட்டாளம் கழித்துப்போட்ட பெட்ரோல் வண்டி. மற்றது சீமையிலிருந்து வந்த டீசல் வண்டி. இரண்டும் ஒரே தரகர் கையில். அவர் பெயர் நல்லக்கண்ணு.

இந்த இடத்தில்தான் அவளுடைய அண்ணன் வீரபாகு உள்ளே வருகிறார். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வந்திருப்பார். பலசரக்கு மொத்த வியாபாரி. நாலு சங்கங்களுக்குத் தலைவர், ஐந்தாவது சங்கத்துக்குக் கௌரவத் தலைவர். ஐந்தாவது சங்கத்துக்கு இன்னும் உறுப்பினர்கள்தான் கிடைத்தபாடில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கலெக்டருடைய கார் எட்டயபுரம் ரோட்டில் பஞ்சராகி நின்றபோது, இவர் அரை மணி நேரம் கலெக்டருக்குக் குடை பிடித்தார். அன்றிலிருந்து மோட்டார் விஷயங்களில் அவர் தீர்ப்புக்கு அப்பீல் இல்லை.

"ஏளா வடிவு, நல்லாக் கேட்டுக்கோ," என்றார் அவர். "பெட்ரோலு கலெக்டர் காரு குடிக்கது. டீசலு ரைஸ்மில்லு குடிக்கது. நம்ம குடும்பம் எது குடிக்கணும்?"

"நம்ம குடும்பம் காப்பி குடிக்கட்டும் அண்ணாச்சி. லாரி எதக் குடிச்சா உப்பு தொறைக்குப் போவும்? அதச் சொல்லுங்க."

"அண்ணாச்சி சொல்லுதது நூத்துக்கு நூறு," என்றார் நல்லக்கண்ணு. "பெட்ரோல் வண்டின்னா ராஜா. கைப்பிடியப் போட்டு ஒரு சுத்து சுத்தினா எந்திரிச்சு நிக்கும்."

"பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் வேணும்லா?"

"அதச் சொல்லுங்க! தங்கச்சி கேட்டது கேள்வி. டீசலும் லேசுப்பட்டதில்ல பாத்துக்கிடுங்க. அதுவும் ராஜாதான்."

ஊருக்கு இரண்டு ராஜா இருந்தால் யாருக்கு வரி கட்டுவது என்று வடிவம்மாளுக்குத் தெரியவில்லை. கொழும்பில் கடை வைத்திருந்த அவள் வீட்டுக்காரருக்குக் கடிதம் போட்டிருந்தாள். "அண்ணாச்சியைக் கலந்துகொள்ளவும். உனக்குச் சரியென்று பட்டதைச் செய்யவும்" என்று பதில் வந்தது. எந்த வாடிக்கைக்காரரையும் பகைத்துக்கொள்ளாத கை.

மிச்சம் இருந்தது ஜேசுபாதம். நாசரேத்துக் கிறிஸ்தவன், யுத்தத்தில் ஐந்து வருஷம் பட்டாள லாரி ஓட்டியவன். லாரி வாங்குவதற்கு முன்பே டிரைவரை அமர்த்திவிட்டாள் என்று ஊரில் சிரித்தார்கள். அவன் ஒருவன்தான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான்.

"பெட்ரோல் வண்டி லேசாக் கெளம்பும், வெரசாப் போவும் அக்கா. டீசலு காலையில மல்லுக்கட்டும். கெளம்பிட்டா எம்புட்டு பாரம்னாலும் இழுக்கும், ஆனா ஆமை மாதிரி. வேகம் வேணுமா, இழுப்பு வேணுமா?"

"ரெண்டுந்தாம்லே வேணும்," என்றார் வீரபாகு.

"ரெண்டும் சேந்தாப்புல இந்த ஊருக்கு இன்னும் வரல அண்ணாச்சி."

வடிவம்மாள் எழுந்துவிட்டாள். "ரெண்டையும் ஓட்டிப் பாத்துருவோம். மேல நாப்பது மூட்டை. பின்னால நம்ம மாட்டுவண்டியில ரெண்டைக் கோத்துக் கெட்டி, அதுல இருவது மூட்டை. பேசிக்கிட்டே இருந்தா அம்பாரம் கொறையாது."

நல்லக்கண்ணு தயங்கினார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை ஓடவிட்டுப் பார்ப்பது போல அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் வீரபாகு சம்மதித்துவிட்டார். நாலு பேர் பார்க்க நடக்கும் எந்தக் காரியத்துக்கும் அவர் மறுப்புச் சொன்னதில்லை.

நாள் பார்த்து, நேரம் பார்த்து, பெட்ரோல் வண்டிக்கு முதல் மரியாதை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று. மூக்கில் சந்தனம். முகப்பை முழுவதுமாக மறைத்துக்கொண்டு, ஆள் தொடை கனத்துக்கு ஒரு செவ்வந்தி மாலை. வீரபாகு கோட்டு, தலைப்பாகையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் வடிவம்மாள். பின்னால் மூட்டைகளின் மேல் சுமட்டுக்காரப் பெண்கள் பன்னிரண்டு பேர், துறையில் பாரம் இறக்குவதற்காக. ஆளுக்கொரு குடம் நல்ல தண்ணீர் அவர்கள் மடியில் இருந்தது. விடியுமுன் டவுனுக்கு நடந்துபோய்க் குழாயடியில் நின்று பிடித்து வருகிற தண்ணீர். பொழுது சாயும்வரை அதுதான். அளத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர்தான் கிடக்கிறது. ஒரு வாய் குடிக்க முடியாது.

"அண்ணாச்சி, மாலைய எடுத்துட்டுப் போவமே," என்றான் ஜேசுபாதம். "அதுக்குப் பின்னாலதான் வண்டி மூச்சு விடும்."

"சாமி மாலைலே அது. வேதக்காரன் ஒனக்கு என்ன தெரியும்? எடு வண்டிய."

வண்டி கிளம்பியது அழகுதான். ஒரு சுற்றில் எந்திரிச்சு, ஒரு உறுமலில் மேட்டை இறங்கிவிட்டது. பின்னால் கோத்த மாட்டுவண்டிகள் இரண்டும், தங்கள் வாழ்நாளில் காணாத வேகத்தில் குதித்துக்கொண்டு வந்தன. "பாத்தியாளா! பாத்தியாளா!" என்று வீரபாகு தொடையில் தட்டினார். நல்லக்கண்ணு கடைசி வண்டியில் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ராஜா! ராஜா!" என்று கத்தினார்.

அப்புறம் மணல் வந்தது. அளத்து ரோட்டில் அரை மைலுக்குப் பொதுபொதுவென்று மணல். ஜேசுபாதம் கீழ் கியருக்கு மாற்றினான். வண்டி கத்தியது; நகர்ந்தது; இன்னும் கத்தியது. கொஞ்ச நேரத்தில் செவ்வந்திப் பூவை அவித்தால் என்ன மணம் வருமோ அந்த மணம் வந்தது. முகப்பிலிருந்து ஆவி பிய்த்துக்கொண்டு கிளம்பி, வீரபாகுவின் தலைப்பாகையை நனைத்தது.

"என்னலே இது?"

"கொதிக்கி அண்ணாச்சி. தண்ணி வேணும்."

வீரபாகு கையை வீசிக் காட்டினார். "சுத்தியும் தண்ணிதானலே கெடக்கு. கோரி ஊத்து!"

"பாத்தித் தண்ணிய ஊத்தினா, நாளைக்கி ரேடியேட்டருக்குள்ளயே அம்பாரம் குமிக்கலாம் அண்ணாச்சி. நல்ல தண்ணி வேணும்."

நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் மேலே பார்த்தார்கள். சுமட்டுக்காரப் பெண்களுக்குத் தலைவி ஆறுமுகத்தாய் குடத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"எங்க தொண்டையில ஊத்துத தண்ணிய இந்தப் பேய்க்கு ஊத்தவா?"

"குடு ஆறுமுகத்தாயி," என்றாள் வடிவம்மாள். "நான் டவுன்ல ஆள் விட்டுப் பிடிச்சுத் தாரேன்."

மூன்று குடம் இறங்கியது. ஜேசுபாதம் யாரையும் கேட்காமல் மாலையைக் கழற்றி வாழைக்கன்றின் தலையில் போட்டான். மாலைதான் குற்றவாளி என்று வடிவம்மாளும் நினைத்தாள். ஆனால் மாலை இல்லாமலும் ஒரு பர்லாங்குதான். மறுபடி ஆவி. நாலாவது குடம். ஐந்தாவது. அவள் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். மணல் முடிந்து கடற்கரை ரோட்டைத் தொட்டபோது ஒரு கை மடங்கி, மறு கையில் இரண்டு விரல். ஏழு.

கெட்டி ரோட்டில் ஏறியதும் வண்டி ஒன்றும் நடக்காதது போலப் பறந்தது. அதையும் அவள் மனதில் குறித்துக்கொண்டாள், பொய் சொல்லக்கூடாது.

"கொஞ்சம் தாகம் உள்ள வண்டி," என்றார் நல்லக்கண்ணு, இறங்கி உப்பைத் தட்டிக்கொண்டே. "உயிருள்ளதுக்குத்தான் தாகம் எடுக்கும்."

மறுநாள் டீசல் வண்டி. ரைஸ்மில்லுக்கெல்லாம் மாலை கிடையாது என்று வீரபாகு சொல்லிவிட்டார். ஆனால் வந்திருந்தார், தோல்வியை நேரில் பார்க்க. அவர் ஆசை முதலில் நிறைவேறியது. வண்டி எந்திரிக்கவே இல்லை. ஜேசுபாதம் பித்தானை அமுக்க அமுக்க, அது கிழவன் போல இரண்டு தரம் இருமிப் படுத்துக்கொண்டது.

"நான் அப்பமே சொன்னேம்லா?" வீரபாகு பொடி மட்டையைத் திறந்தார். "ஏலே, ரெண்டு மாடு கொண்டாந்து முன்னால கெட்டுங்கலே."

"மாட்டைத்தான் வித்தாச்சே அண்ணாச்சி," என்றாள் வடிவம்மாள். "ஆறுமுகத்தாயி, எறங்கித் தள்ளுங்க. சரிவுல விடுவோம்."

பன்னிரண்டு பேரும் தள்ளினார்கள். தட்டுமேட்டுச் சரிவில் வண்டி உருண்டது. பாதிச் சரிவில் வயிற்றுக்குள் ஏதோ உடைந்தது போல ஒரு சத்தம். பின்னால் குபீரென்று கரும்புகை; அந்தப் புகைக்குள் வெள்ளை வேட்டியோடு நின்றவர் வீரபாகு. புகை விலகியபோது வேட்டியின் நிறம் ரைஸ்மில் சுவரின் நிறமாக இருந்தது.

பாரம் ஏற்றும்போது ஜேசுபாதம் இன்ஜினை நிறுத்தவில்லை. அது டடக் டடக் என்று தன்பாட்டுக்கு நின்றது. மூக்குக் கண்ணாடி மூக்கில் நிற்காமல் வீரபாகு அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். மணல் வந்தது. கீழ் கியர். வண்டி கத்தவில்லை, எருமை சேற்றில் நடப்பது போல நடந்தது. பின்னால் மாட்டுவண்டிகள் இரண்டும் பழைய நிதானத்தில், கண்ணை மூடிக்கொண்டு வருவதுபோல வந்தன. மாடுகளே இழுப்பதாக அவை நினைத்திருந்தாலும் தப்பில்லை. வடிவம்மாள் முகப்பையே பார்த்துக்கொண்டு இருந்தாள். ஆவி இல்லை. பர்லாங்கு போயிற்று. இல்லை. மணல் முடிந்தது. இல்லவே இல்லை.

தோணித்துறையில் ஜேசுபாதம் துணியைச் சுற்றி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"ஒரு அரைச் செம்பு குடுங்க. அதுவும் மரியாதைக்கு."

ஆறுமுகத்தாய் ஊற்றினாள். ஊற்றிவிட்டு முகப்பில் லேசாகத் தட்டிக்கொடுத்தாள். "ம்மா, இது நம்ம ஆளு. மெதுவாத்தான் போவுது. ஆனா சும்மா சும்மா தண்ணி கேக்கல."

"புத்தி கெட்டுப் போயி இதையா வாங்கப் போற?" வீரபாகு வேட்டியை உதறினார். "ஊரு என்ன சொல்லும்? கலெக்டர் கார்ல டீசலா ஊத்துதாவ?"

"கலெக்டர் உப்புச் சொமக்காரா அண்ணாச்சி?"

"அதுக்கில்ல..."

"கணக்கப் பாருங்க. ஒரு நடைக்கு ஏழு கொடம். ஒரு நாளைக்கு நாலு நடைன்னா இருவத்தெட்டு. இவளுவ பன்னெண்டு பேருக்கும் இருக்கது பன்னெண்டு கொடம். பெட்ரோலுக்கு நான் எப்படியாச்சும் கூப்பன் வாங்கிருவேன். நல்ல தண்ணிக்கு யாருட்டப் போயிக் கூப்பன் வாங்க?"

வீரபாகு நாலு சங்கத்துத் தலைவர். மேடையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசுகிறவர். இப்போது பொடி மட்டையைத் தேடினார். பதில் நல்லக்கண்ணுவிடம் இருந்தது.

"நான் மொதல்லயே சொல்லல? டீசல்னா ராஜா."

அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள். காலையில் பித்தானோடு மல்லுக்கட்டும் வேலையை வடிவம்மாள் முதல் நாளே ஒழித்துவிட்டாள். சாயங்காலம் வந்ததும் வண்டியைத் தட்டுமேட்டின் உச்சியில், சரிவைப் பார்த்து நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பது. விடிந்ததும் கல்லை எடுப்பது. அது தானாக உருண்டு, தானாக இருமி, தானாகக் கிளம்பியது. கிளம்பிவிட்டால் இருட்டும்வரை நிறுத்துவதில்லை. ஜேசுபாதம் சோறு தின்னும்போதும் அது பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தது. பெட்ரோல் லாரி நாசரேத்துப் பக்கம் ஒரு ஜவுளிக்காரருக்குப் போயிற்று. கெட்டி ரோடு, லேசான சரக்கு. அங்கே அது நன்றாகவே ஓடியதாகக் கேள்வி.

சாயங்காலங்களில் குடங்களில் தண்ணீர் மிஞ்ச ஆரம்பித்தது. ஆறுமுகத்தாயும் மற்றவர்களும் வீட்டுக்குக் கிளம்புமுன் வெடிப்பு விட்ட காலை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டார்கள். அளத்து வேலையில் அது யாரும் கண்டிராத ஆடம்பரம்.

ஐப்பசி எட்டாம் தேதி கிழக்கே கடலும் வானமும் ஒரே கறுப்பாகிவிட்டன. அம்பாரம் இருந்த இடத்தில் பனையோலையும் தரையும் தெரிந்தன. கடைசி மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தபோது ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. வீரபாகு இறங்கினார். கோட்டு. தலைப்பாகை. கையில் குடை. பின்னால் நல்லக்கண்ணு, ஆள் தொடை கனத்துக்கு ஒரு செவ்வந்தி மாலையைச் சுமந்துகொண்டு.

"ஏளா வடிவு! ஊரே பேசிக்கிடுது. தங்கச்சிக்கு டீசல எடுத்துக் குடுத்தது யாருன்னா, வீரபாகு அண்ணாச்சின்னு. கடைசி நடை மாலையில்லாமப் போவக் கூடாது, பாத்துக்கோ."

அவர் மாலையை வாங்கி, லாரி முகப்பை நோக்கி நடந்தார். ஜேசுபாதம் பாவமாக வடிவம்மாளைப் பார்த்தான். அவள் குறுக்கே வந்து மாலையை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள்.

"இது ஒங்களுக்குத்தான் பொருத்தம் அண்ணாச்சி. குனியுங்க."

அவர் குனிந்தார். இதற்கு மட்டும் அவரை இரண்டு தரம் சொல்ல வேண்டியதில்லை. மாலை கழுத்தில் விழுந்து, மூக்கு மட்டும் விட்டு முகத்தை மறைத்தது.

"நீங்க எம்புட்டுக் கொதிச்சாலும் நல்ல தண்ணி கேக்க மாட்டீய," என்றாள் வடிவம்மாள். மேலே மூட்டைகளின் மீது உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

வீரபாகுவுக்கு அது புகழ்ச்சியாகத்தான் பட்டது. தொண்டையைச் செருமி, "இந்த நல்ல நேரத்துல..." என்று ஆரம்பித்தார். வடிவம்மாள் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். லாரி ஒரு குபீர் புகையை விட்டுவிட்டுச் சரிவில் இறங்கியது. பின்னால் இரண்டு மாட்டுவண்டிகளும் அதன் போக்கில் ஆடிக்கொண்டு போயின. மூட்டைகளின் மேல் தார்ப்பாய் இறுகக் கட்டியிருந்தது.

மணலைத் தாண்டும்போது முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது. வடிவம்மாள் திரும்பிப் பார்த்தாள். வெறும் தட்டுமேட்டின் மேல் நல்லக்கண்ணு குடை பிடிக்க, மாலையோடு ஒருவர் கையை ஆட்டி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மழையில் கரைந்து போக அங்கே வேறொன்றும் மிச்சம் இல்லை.