அரிவாள் நேரான வாரம்

கோல்ஃப் மைதானத்தில் களை பிடுங்கும் பெண்கள் வக்கீலுக்கு வைத்த பெயர் அரிவாள். அவர் அடிக்கிற பந்து நேராகத்தான் புறப்படும். பாதி வழியில் என்ன நினைத்துக்கொள்ளுமோ, அரிவாள் மாதிரி வளைந்து வலப்பக்கத்து மரங்களுக்குள் போய் விழும். பதினோரு வருடமாக இதே கதைதான். அதனால் அவர் ஆட வரும் காலைகளில் பெண்கள் ஐந்து பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கச் சரிவுக்குப் போய்விடுவார்கள். அங்கே மேட்டுக்குப் பின்னால் குனிந்துவிட்டால், அடிக்கிறவர் கண்ணுக்கு ஆள் இருப்பதே தெரியாது.

அந்த ஐவரில் ஒருத்தி ஒட்டடையின் மனைவி. ஒட்டடை, வக்கீலின் மட்டைப் பையைச் சுமக்கிறவன். ஒட்டடைக்கம்பு போல நெடுநெடுவென்று இருந்ததால் வந்த பெயர்.

வினை ஒரு சிரிப்பில் ஆரம்பித்தது. போன வாரம் மரத்தடியில் பந்து தேடிக்கொண்டிருந்தபோது, கூடையோடு கடந்து போன ஒருத்தி கேட்டாள்: "என்னண்ணே, அரிவாள் இன்னைக்கு எத்தனை மரம் சாய்ச்சுது?"

ஒட்டடை வாய்விட்டுச் சிரித்தான். திரும்பினால் வக்கீல் நிற்கிறார்.

"சிரிக்கத் தெரியுது. எங்க தப்புன்னு சொல்லத் தெரியுமா?"

தெரியும். பதினோரு வருடம் பின்னால் நின்று பார்த்தவனுக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் இத்தனை வருடத்தில் அவனை ஒரு வார்த்தை கேட்ட முதல் ஆள் அவர். சொல்லிவிட்டான்.

"மட்டையை வெளியிலேர்ந்து உள்ள இழுக்கறீங்கய்யா. பந்தை அடிக்கல, சீவறீங்க. இடது கையையும் கொஞ்சம் வலப்பக்கமாத் திருப்பிப் பிடிக்கணும்."

பந்துக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தான். மட்டை துண்டில் பட்டால் தப்பு, உடம்புப் பக்கத்திலிருந்து வந்தால் துண்டில் படாது. ஆறு நாள் பயிற்சித் திடலில் துண்டு உதை வாங்கியது. ஆறாம் நாள் பந்து கயிறு பிடித்த மாதிரி நேராகப் போனது. வக்கீல் அவன் முதுகில் தட்டினார்.

வீட்டில் சொன்னபோது மனைவி, "பார்த்துங்க, இருக்கறதே எலும்பு. அதையும் தட்டி உடைச்சிடப் போறாரு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். சரிவைப் பற்றி அவளும் நினைக்கவில்லை, அவனும் நினைக்கவில்லை.

அந்த ஆறாம் நாள் கடைசியாக அடித்ததில் மூன்று பந்துகள் மட்டும் தாழப் பறந்து இடப்பக்கமாகச் சீறிக்கொண்டு போயிருந்தன. கை அசந்திருக்கும் என்று ஒட்டடை விட்டுவிட்டான்.

இன்று காலை நான்காம் குழிக்கு வந்தார்கள். பனி இன்னும் விலகவில்லை. வக்கீல் மரக்குச்சியை ஊன்றிப் பந்தை வைத்தார். இருப்பதிலேயே நீளமான மட்டையைக் கேட்டு வாங்கினார். அப்போது மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவியின் சிரிப்பு.

ஒட்டடை வக்கீலின் பக்கத்தில் போனான்.

"ஐயா, ஒரு நிமிஷம். அங்க ஆளுங்க இருக்காங்க."

"எப்பவும் இருக்கறவங்கதானே."

"அது பந்து வலப்பக்கம் போனப்ப சரிய்யா. இப்ப…"

"இப்ப நேராப் போகும்னு நீதானே சொன்னே? நேராப் போகும்னா எதுக்குப் பயம்? போகாதுன்னா, ஆறு நாளா எனக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுத்தே?"

வக்கீலின் இடது கை மட்டையில் இறுகித் திரும்பியது. அவன் சொன்னதைவிட அதிகமாகவே திரும்பியது. இந்தப் பிடியில் பந்து எங்கே போகும் என்று ஒட்டடைக்குத் தெரியும்.

பையைக் கீழே போட்டுவிட்டுச் சரிவை நோக்கி ஓடினான்.

"ஏய், நில்லு!"

"பந்து! பந்து வருது!" என்று கத்தினான். பெண்கள் எழுந்தார்கள். வக்கீல் ஆடும்போது இந்தக் குரல் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவார்களோ, அந்தப் பக்கமே ஓடினார்கள். இன்னும் இடப்பக்கம்.

பின்னால் சுளீரென்று சத்தம். காதோரம் ஏதோ விர்ரென்று போனது. மனைவி கால் வழுக்கி விழுந்தாள். பந்து அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளி ஈர மண்ணில் புதைந்தது.

அவளை வாரித் தூக்கினான்.

"பந்து இந்தப் பக்கம் வராதேங்க… எப்பவும் வராதே?" என்றாள் அவள்.

"நான்தான் வர வெச்சேன்."

மேலே வக்கீல் சட்டைப் பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்துக் குச்சியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இனி எந்தப் பக்கம் போறது?" என்றாள் ஐவரில் சின்னவள்.

ஒட்டடை இரண்டு பக்கமும் பார்த்தான். "எந்தப் பக்கமும் வேணாம். வாங்க, அவர் கண்ணு முன்னாடியே நடப்போம்."

ஆறு பேரும் புல்வெளியின் நட்டநடுவில் ஏறி நடந்தார்கள். வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். ஒதுங்கு ஒதுங்கு என்று கையை ஆட்டினார். எந்தப் பக்கம் என்று அந்தக் கை சொல்லவில்லை. யாரும் ஒதுங்கவில்லை.

மட்டை அவர் தோளுக்கு மேலே போனது. போய் அங்கேயே நின்றது. மனைவியின் விரல்கள் ஒட்டடையின் மணிக்கட்டில் பதிந்தன. அவன் அடுத்த அடியை எடுத்து வைத்தான்.