நாலு ஸ்பூன் சர்க்கரை

அடி விழுந்தபோது கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர். அடித்த மேனேஜர் பாண்டுரங்கன். அடிபட்ட சமையல்காரன் இருதயசாமி. பாத்திரம் தேய்க்கிற பாஞ்சாலி. மீன் கழுவுகிற சூசையம்மாள், இருதயசாமியின் பெண்டாட்டி.

இருதயசாமி இப்போது வடக்குப்பட்டு வீட்டில் சவப்பெட்டிக்குள் கிடந்தான். தரை ஈரம், வழுக்கி விழுந்துவிட்டான் என்று பாண்டுரங்கன் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தான். பாஞ்சாலி சாட்சியாகக் கைநாட்டு வைத்தாள். சூசையம்மாள் இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை. திறந்தால் சர்க்கரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தாடையைக் கட்டியிருந்த துணியை இன்னும் இறுக்கினாள். அவன் வாய் மூடமாட்டேன் என்றது.

பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரன் பங்களாவில் பன்னிரண்டு வருஷம் சமைத்து ருசி பார்த்த வாய். அடி விழுந்த அன்று மத்தியானம், மெஷின் பொருத்த வந்த வெள்ளைக்கார இஞ்சினியர்களுக்கு விருந்து. வெள்ளை ஒயின் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் உருட்டிப் பார்த்துவிட்டுத் தொட்டியில் துப்பினான். வறுத்த வஞ்சிரத்தில் ஒரு துண்டு கடித்தான். மறுபடி ஒரு வாய், மறுபடி துப்பினான்.

கொல்லையில் செதில் சுரண்டிக்கொண்டிருந்த சூசையம்மாள் அவன் துப்பியதை மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பாஞ்சாலியிடம் அவன் சொன்னது அவள் காதில் விழவில்லை. பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் பாஞ்சாலி சொல்லித்தான் அவன் பேசியது தெரிந்தது.

"இதுக்குப் பேரு டிரை. இனிப்பே இருக்காது. மீனுக்கு மசாலா வாணாம், மொளகும் எலுமிச்சையும் போதும். கொழுப்ப அப்டியே அறுத்துக்கினு போவும் பாரு. ரெண்டு சாதி திராட்சயக் கலந்து பண்ணது. வெள்ளக்காரன் திராட்சைக்கே கலப்புக் கல்யாணம் பண்றான். நம்மூர்ல பண்ணா வெட்டிப் போட்ருவானுங்க."

அவர்கள் இருவரும் மேஜை போடப் போனதும் சூசையம்மாள் உள்ளே வந்து பாட்டிலைச் சாய்த்து நக்கிப் பார்த்தாள். காடி மாதிரிப் புளித்தது. போன மாதம் தயிர் புளித்ததற்குப் பாண்டுரங்கன் கொதிக்கிற சாம்பாரை அவன் காலில் ஊற்றியிருந்தான். கொப்புளம் இன்னும் ஆறவில்லை. நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டாள். பாட்டில் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக் குலுக்கி வைத்தாள்.

விருந்தில் ஒரு வெள்ளைக்காரன் ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். பாண்டுரங்கன் பாட்டிலோடு சமையலறைக்கு வந்தான்.

"இன்னாடா கலந்த இதுல?"

இருதயசாமி ஒரு சொட்டு நாக்கில் விட்டான். பிறகு பாட்டிலைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்த்தான்.

"நான்தான் சார். சக்கர போட்டேன்."

பாட்டில் அவன் காதுக்குக் கீழே விழுந்தது. உடையவில்லை. இரண்டாவது அடிக்கும் உடையவில்லை. மூன்றாவது அடியில் அவன் தலை கிரைண்டர் கல்லின் விளிம்பில் மோதியது. அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

இப்போது பாண்டுரங்கன் ரோஜா மாலையோடு வந்தான். இருதயசாமியின் மகன் ரிச்சர்டு ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தான்.

"உக்காருங்க சார்."

பெட்டியின் தலைமாட்டில் சுத்தியலும் ஆணிகளும் தயாராக இருந்தன. மாலையைப் போட்டுவிட்டுப் பாண்டுரங்கன் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

"நல்ல கைப்பக்குவம்பா உங்கப்பனுக்கு. கடைசில நாக்குதான் கெட்டுப்போச்சு. ஒயின்ல போயி சக்கரயப் போட்டு வெச்சிருக்கான்! பாயசம்னு நெனச்சிட்டான் போல."

வந்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். ரிச்சர்டும் மரியாதைக்குச் சிரித்தான்.

சூசையம்மாள் எழுந்து நின்றாள்.

"அவுரு நாக்கு கெடல."

"இல்லம்மா, அவனே சொன்னான்..."

"போட்டது நானு. ஒரு சொட்டுல கண்டுபுடிச்சிட்டாரு. எம்மேல அடி வுழக் கூடாதுன்னு நான்தான்னாரு. நீ பாட்டிலால அடிச்ச. மூணு அடி. நான் எண்ணிக்கினு நின்னேன்."

மேனேஜரை நீ என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

ரிச்சர்டு சுத்தியலை எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. முதல் அடி பாண்டுரங்கனின் வாயில் பட்டது. பல்லும் ரத்தமும் வெள்ளைச் சட்டையில் சிதறின. அவன் நாற்காலியோடு சாய்ந்து, தவழ்ந்து, எழுந்து, பின்கட்டுச் சமையலறைக்குள் ஓடினான். அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. ரிச்சர்டு சமையலறை வாசற்படியை எட்டியபோது சூசையம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். சுத்தியல் அவள் கைக்கு வந்தது.

"யம்மா, குடு. குடுன்றேன்!"

"நீ அப்பாகிட்டப் போ. ஃபாதர் வர்ற நேரம்."

"யம்மா!"

"யாரு கேட்டாலும் நான்தான். தெர்தா?"

அவனை மார்பில் கை வைத்துத் தள்ளினாள். உள்ளே போனாள். ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் பாண்டுரங்கன் வாயைப் பொத்திக்கொண்டு, விரல்களுக்கு நடுவே என்னவோ சொன்னான். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.