கிட்டங்கிக்குள் ஒரு தோணி

விருதுநகரில் மிளகாய் மண்டி நடத்தும் சீனிவாசகம், சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் பழைய மரப்பரணைப் பிரித்துவிட்டு இரும்பில் போட முடிவு செய்தார். பிரித்து இறக்கிய மரங்களைப் பார்க்க வந்த அவர் மனைவி சொர்ணலட்சுமி, ஒரு கட்டையின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பரணைத் தாங்கிய கட்டைகள் எல்லாமே வில்லாக வளைந்திருந்தன. இதில் மட்டும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் பெயர்த்தாள். சிப்பி!

"ஏங்க, இங்கன ஏது கடலு?"

"மரக்கடைக்காரரு வந்துருவாரு. அதைப் போயி நோண்டிக்கிட்டு இருக்க."

அவளுக்கு மனம் கேட்கவில்லை. செல்போனில் படம் எடுத்து, தூத்துக்குடியில் தோணி கட்டும் தம்பி முறையான முத்துக்கருப்பனுக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"யக்கா, இது பாய்மரத் தோணில்லா! வளைஞ்ச கட்டை அம்புட்டும் அதுக்கு விலா எலும்பு. உங்க பக்கத்துப் பருத்தி, மொளகா வத்தலெல்லாம் இதுலதான் கொளும்புக்குப் போகும். ஓடி ஓஞ்சா ஒடைச்சு வித்துருவாக. பலகை ஓரத்தைப் பாருங்க, தண்ணி புகாம பஞ்சு அடைச்சிருப்பாக."

ஸ்குரூடிரைவரால் ஒரு பலகையின் ஓரத்தை நெம்பினாள். எண்ணெய் ஊறிக் கறுத்த திரி ஒன்று வந்தது. பிரித்தால் உள்ளே வெளிறிய பஞ்சு. ஓடிப்போய்க் கணவரிடம் நீட்டினாள்.

"இது நம்ம கரிசக்காட்டுப் பஞ்சா இருக்குமோ?"

சீனிவாசகம் வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினார். அப்பாவின் பருத்தி வியாபாரத்தில் வளர்ந்த கை; விரலிடுக்கில் வைத்து இழுத்துப் பார்த்தது.

"நம்ம பஞ்சு மாதிரி இழை குட்டையாத்தான் இருக்கு. இருந்தாலும் இருக்கும்." மறுபடி இழுத்தார். "நிச்சயமாச் சொல்ல முடியாது."

பிறகு, மரக்கடைக்காரருக்குப் போன் போட்டு இன்றைக்கு வர வேண்டாம் என்றார்.

"சொர்ணம், அந்தத் தோணி எம்புட்டுப் பெருசு இருந்திருக்கும்?"

"அடுக்கிப் பாத்துருவமா?"

லோடு ஆட்களைக் கூப்பிட்டார்கள். பெரிய கட்டைகள் நடுவில், சிறியவை இரு முனைகளுக்கு. கொஞ்சம் கொஞ்சமாக மிளகாய் நெடிக்குள் தோணியின் வயிறு எழுந்தது. சுவரோரம் மூட்டைகளை ஒதுக்கியும் இடம் போதவில்லை. முன்பகுதி வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது.

சரக்கு ஏற்ற வந்த லாரி ஹாரன் அடித்தது. வேர்வையோடு கடைசிக் கட்டையைத் தூக்கிக்கொண்டிருந்த சீனிவாசகம் திரும்பிக் கத்தினார்:

"இருலே! முனை இன்னும் வைக்கல!"