கடைசி வால்வு

“யாரும் நகராதீங்க. காத்து போயிடுச்சு.”

யாரும் என்றால் அவள் ஒருத்திதான். மெக்கானிக், பந்தய ட்ரக்கின் எஞ்சின் மேல் பாதி உடம்பைக் கவிழ்த்து, இரண்டு விரல் நுனியால் வால்வைப் பிடித்திருந்தான். எண்ணெய் வழுக்கியது. பழைய ஸ்பிரிங்கை அழுத்தி, வால்வைப் பூட்டியிருந்த குட்டி லாக்குகளை எடுத்த மறுநொடி, உள்ளிருந்து அதைத் தாங்கிக்கொண்டிருந்த கம்ப்ரசர் காற்று அடங்கிவிட்டது. பதினாறில் இதுதான் கடைசி வால்வு. விரல் நழுவினால் சிலிண்டருக்குள் விழும். அப்புறம் எஞ்சினின் தலையையே கழற்ற வேண்டும். நாலு நாள் வேலை. பந்தயமோ நாளைக் காலை.

ட்ரக்கை ஓட்டுபவள் கம்ப்ரசர் பக்கம் நின்றிருந்தாள். ட்ரக் கதவில் பந்தய எண்ணை எழுதிக்கொண்டிருந்துவிட்டு, தண்ணீர் குடிக்க அங்கே வந்திருந்தாள். விரலெல்லாம் சிவப்புப் பெயிண்ட்.

“ஸ்பேனரை எடுத்து கிராங்க்கைச் சுத்து. பிஸ்டன் மேல வந்தா வால்வைத் தாங்கிக்கும்.”

அவள் நகரவில்லை.

“விழுந்தா என்ன ஆகும் டாக்டர்?” எஞ்சின் வைத்தியன் என்று அவனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

“நாளைக்கு நீ ஓட்ட மாட்ட.”

“அவ்வளவுதானா?”

“அது போதாதா? சுத்தும்மா, கை மரத்துப்போச்சு.”

ஒரு பெருமூச்சு. பிறகு ஸ்பேனர் மெல்லத் திரும்பியது. வால்வை அடியிலிருந்து ஏதோ தொட்டு, மெதுவாக மேலே தள்ளியது. அவன் விரலை எடுத்தான்.

எஞ்சின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றைத் தாண்டினால் பழைய ஸ்பிரிங்குகளால் வால்வுகளை நேரத்துக்கு மூட முடியவில்லை, எஞ்சின் திக்கியது. அதனாலேயே இரண்டு முறை இரண்டாமிடம். இந்தப் புது ஸ்பிரிங்குகள் அப்படித் திக்க விடாது. நாளை ஜெயித்தால் வெளியூர் அணி அவளைக் கூட்டிப்போய்விடும். ஐந்து வருடம் பக்கத்திலேயே இருந்தவளை அனுப்பிவைக்கத் தன் கையாலேயே ஸ்பிரிங் மாட்டிக்கொண்டிருந்தான். காலையில் அக்காகூட போனில் கேட்டாள்: “அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியாடா?”

“சொல்லிட்டேன்க்கா, ஸ்பிரிங் மாத்தணும்னு.”

அக்கா போனை வைத்துவிட்டாள்.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. அவள் ஏறி உட்கார்ந்து முடுக்கினாள். ஆறாயிரம். ஏழாயிரம். ஒரு திக்கல் இல்லை. அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

அவள் ஜன்னல் வழியாகக் குனிந்தாள். “உங்க கை நழுவவே நழுவாதா டாக்டர்?”

“தொழிலாச்சே” என்று இளித்தான்.

அவள் சிரிக்கவில்லை. ட்ரக் வாசலைத் தாண்டி, தெருமுனையில் திரும்பியது.

சத்தம் தேய்ந்த பிறகு, சதி பண்ணிய கம்ப்ரசரைத் திட்டவென்று போனான். காற்றழுத்த முள் முழு அளவில் நின்றது. காற்றுக் குழாயில் கிழிசல் இல்லை. சுவரோரம் அந்தக் குழாயின் திருகு மட்டும் இறுக்கி மூடியிருந்தது.

திருகின் மேல் இரண்டு சிவப்பு விரல் தடங்கள். இன்னும் காயவில்லை.