ஆ காட்டு

என் தங்கை தானாகவே பல் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். அவள் கல்யாணமாகிப் போன பிறகும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவளைக் கெஞ்சி, மிரட்டி, கடைசியில் அம்மாவிடம் போட்டுக்கொடுத்துத்தான் பல் சுத்தம் செய்ய வரவழைப்பேன். சத்தமில்லாமல் வருவாள், சத்தமில்லாமல் போவாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பூனை. எனக்குப் பெயர் மைக் செட். நான் மெதுவாகப் பேசினால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

நான் டாக்டர் இல்லை. டாக்டரம்மாவிடம் வேலை பார்க்கிறேன். பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது, ஈறைச் சோதிப்பது, பல் தேய்க்கத் தெரியாத பெரிய மனிதர்களுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு.

"பல் தேய்க்கறப்ப ரத்தம் வருதுக்கா. துப்பினா தொட்டியெல்லாம் செவப்பா இருக்கு."

"ஒழுங்காத் தேய்க்கிறியா? இல்ல, ராத்திரி தின்னதோட அப்படியே படுத்துடுறியா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன்.

"சரி, ஆ காட்டு."

காட்டினாள். கண்ணாடியை உள்ளே விட்டவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நல்ல ஈறு பல்லோடு ஒட்டி, வெளிறிய ரோஜா நிறத்தில் இருக்கும். இவளுக்கு ஊதிப்போய், கருஞ்சிவப்பாகி, பல்லின் மேலேயே ஏறியிருந்தது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே மிளகு அளவில் ஒரு கட்டி. ஈறின் ஆழம் பார்க்கும் அளவுகோல் ஊசியால் லேசாகத்தான் தொட்டேன், ரத்தம் பொலபொலவென்று வந்தது. காரை இருக்கிறதா என்று ஒவ்வொரு பல்லாகத் தேடினேன். பெயருக்குக்கூட இல்லை. கொஞ்சம் அழுக்கு இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

போன வருஷம் இதே நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். இதே மாதிரி ஊதின ஈறு. டாக்டரம்மா பார்த்துவிட்டு, பல்லுக்கு ஒன்றும் செய்யாமல், ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்து அனுப்பினார். அடுத்த முறை டிரைவர் வரவில்லை. அவர் மனைவிதான் வந்தாள், ரத்தத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது என்று சொல்ல. அந்த அம்மாளின் முகம் இப்போது என் கண் முன்னால் வந்து நின்றது.

"காய்ச்சல் ஏதாவது வருதா?"

தலையை ஆட்டினாள், இல்லை.

"அசதியா இருக்கா?"

"ம்."

"மாத்திரை எதுவும் சாப்பிடுறியா?"

இல்லை. அடுத்தது, பெண்கள் எல்லோரிடமும் நாங்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

"நாள் கீள் தள்ளிப் போயிருக்கா?"

"இல்ல." கண் விளக்கை விட்டு நகரவில்லை.

ஆமாம் என்ற ஒரு பதிலைத்தான் மனசுக்குள் சாமி கும்பிட்டுக்கொண்டு எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்திருக்கும். வாயில் வழிந்ததைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். முழங்கை மடிப்பில் நீலமும் பச்சையுமாக ஒரு ரத்தக்கட்டு. டிரைவருக்கும் உடம்பெல்லாம் அப்படித்தான் இருந்தது. ஐயோ, ஐயோ என்று உள்ளே ஒரே ஓலம். வெளியே என் குரல் எழும்பவே இல்லை.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். கட்டியைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். "முதல்ல அந்த இடத்துல ஒரு எக்ஸ்ரே எடு. அப்புறம் ரத்தம் பார்க்கச் சொல்லலாம்," என்றுவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

"எக்ஸ்ரே வேண்டாம்க்கா," என்றாள் பூனை.

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம். இன்னொரு நாள் எடுத்துக்கலாம்."

அவ்வளவுதான், மைக் செட்டுக்கு உயிர் வந்துவிட்டது. "இன்னொரு நாளா? வாயெல்லாம் ரத்தம், கையில ரத்தக்கட்டு, மூஞ்சி வெளுத்துப்போய்க் கிடக்கு. நல்ல நாள் பார்த்துட்டு வரப்போறியா? எழுந்திருடி!" வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும். பயத்தில் எனக்குக் கத்த மட்டும்தான் தெரியும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே அறையில் உட்காரவைத்தேன். வாயில் எக்ஸ்ரே அட்டையை வைத்து, குழாயைக் கன்னத்துக்கு நேராகத் திருப்பி, கதிர் படாமல் தடுக்கும் கனமான ஈய அங்கியை அவள் மார்பின் மேல் போர்த்திவிட்டு வெளியே வந்தேன்.

பொத்தான் கதவுக்கு வெளியே. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தபடி விரலை வைத்தேன்.

அவள் அங்கியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். கழுத்து, மார்பு எல்லாம் வெளியே தெரிய, வயிற்றை மூடும்வரை இழுத்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு வாயிலிருந்த அட்டையைத் துப்பினாள்.

"அழுத்திடாதக்கா!"

பூனை கத்தி நான் கேட்டதே இல்லை. விரலை எடுத்தேன். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

"எத்தனை மாசம்?"

"மூணு நடக்குது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

"போன ரெண்டு தடவையும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். போன இரண்டு தடவையும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான்.

"பாவி, நான் அழுத்தியிருந்தா? கேட்டதுக்கு இல்லன்னு சொன்னியே!"

"நீ போட்ட சத்தத்துக்கு என்னால வாயைத் திறக்க முடிஞ்சுதா?"

"எங்கிட்ட ஏண்டி மறைச்ச? ஊரைக் கூட்டிச் சொல்லிடுவேன்னா?" கோபப்படத் தயாராகத்தான் இருந்தேன்.

"அதுக்கில்லக்கா." அங்கியை இன்னும் விடவில்லை. "போன தடவை நீ அழுத அழுகை இருக்கே. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு நான்தான் உன்னைத் தேத்தினேன். தண்ணி குடிக்கா, தண்ணி குடிக்கான்னு. இந்தத் தடவை அதுக்கு எங்கிட்ட தெம்பு இல்லக்கா."

மைக் செட்டுக்கு யாரோ கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். அவள் கையைப் பிடித்துத் திருப்பி, ரத்தக்கட்டைக் காட்டினேன்.

"இது?"

"போன வாரம் பிரசவ ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்க. நரம்பு கிடைக்காம ரெண்டு தடவை குத்தினாங்க. ரத்தமெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க."

அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டேன். பஸ் டிரைவர் என் கண்ணை விட்டுப் போனார். அவர் போன இடத்தில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது.

"அப்ப இதுக்கு எதுக்கு இவ்வளவு பயந்துபோய் வந்த?"

"வாயிலதான் வருதுன்னு தெரியும்க்கா. இருந்தாலும் காலையில அந்தச் செவப்பைப் பார்த்ததும் கை கால் எல்லாம் ஆடிடுச்சு. மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சோன்னு."

"லூசு. இந்த ரத்தம் வேற, அந்த ரத்தம் வேற. வயித்துல பிள்ளை இருந்தா சிலருக்கு ஈறு இப்படி ஊதும். கட்டியும் அதனாலதான் வந்திருக்கும். மெதுவா சுத்தம் பண்ணிவிடுறேன், மாசாமாசம் வா. பிள்ளை பொறந்ததும் அதுவே..."

பிறந்ததும் என்று சொல்லிவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மாவிடம் மட்டும் போய்ச் சொன்னேன். அவர் வந்து இன்னொரு முறை பார்த்தார். இது பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வருவதுதான், எக்ஸ்ரே இப்போது வேண்டாம், சுத்தம் செய்வதால் ஒன்றும் ஆகாது என்றார். பூனையை மறுபடி நாற்காலியில் சாய்த்தேன். மெஷினை எடுக்கவில்லை, அதன் இரைச்சல்கூட அவளுக்கு ஆகாது என்று தோன்றியது. கைக்கருவியால் ஈறின் ஓரம் ஓரமாக, ஒவ்வொரு பல்லாகப் போனேன். உறிஞ்சுகுழாயில் சிவப்பு ஓடும்போதெல்லாம் அவள் பார்க்காதபடி என் தோளால் மறைத்துக்கொண்டேன்.

கொப்பளித்துத் துப்பினாள். தொட்டியை அவள் பார்ப்பதற்குள் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். நான் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்துக் காட்டினேன். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கிப்போனாள். மாஸ்க்கைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு முகத்தைக் கழுவினேன்.

கழுவி முடிப்பதற்குள் அம்மாவிடமிருந்து போன்.

"பூனை அங்க வந்தாளாமே? மாப்பிள்ளை சொன்னாரு. என்னடி ஆச்சு அவளுக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. ஈறு கொஞ்சம் வீங்கியிருக்கு."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"உன் குரல் ஏன் இப்படி இருக்கு? கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி?"

"வாயில மாஸ்க் போட்டிருக்கேன்மா," என்றேன்.